ஒரே மலைக்கு நாலு பெயர்

தை மாதக் கடைசி. ஊட்டிப் பேருந்து நிலையத்தில் காலை ஆறரை மணிக் கூடலூர் வண்டியில் ஏறியபோது எல்லா ஜன்னலும் அடைத்தே இருந்தன. தலைக்குந்தா தாண்டும் வரை சாலையோரப் புல்லெல்லாம் உப்பைத் தூவி வைத்ததுபோல உறைபனி. பக்கத்து இருக்கைப் பெரியவர் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுக்காமலே, "கூடலூரா? அங்க போனா ஸ்வெட்டரைக் கழட்டிரலாம்" என்றார்.

கூடலூர்க் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் நண்பர் முந்தைய வாரம் கூப்பிட்டிருந்தார். மாணவர்கள் தங்கள் ஊர் நிலத்தைப் பற்றி ஆய்வு செய்து சுவரொட்டிகளாகப் போட்டிருக்கிறார்கள், கண்காட்சி நடக்கிறது, வந்து பாருங்கள் என்றார். "பிள்ளைங்க தங்களோட வீட்டையே அளந்து கொண்டாந்து சுவத்துல மாட்டியிருக்காங்க" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னைக் கிளப்பியது.

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அந்தச் சாலையே ஒரு நிலப் பாடம். முதலில் சீகை மரமும் கற்பூர மரமும். இவை இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. 1819-இல் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்த காலத்தில் இந்த மேட்டுநிலம் முழுக்கப் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்தப் புல்வெளியை வெள்ளைக்காரர்கள் சும்மா கிடக்கும் நிலம் என்று எழுதிக்கொண்டார்கள். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னாளில் ஆலைகளின் மரக்கூழுக்கும் அதில் மரம் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டோம். மழையை உறிஞ்சி வைத்து ஆறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற புல்தரை அப்படித்தான் சுருங்கியது. 'சும்மா கிடக்கும் நிலம்' என்ற ஒரு பதிவு ஒரு மலையின் மேனியையே மாற்றிவிட்டது.

பைக்காரா வந்தது. இந்த ஆற்றிலிருந்து 1930-களிலேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கி, கம்பி வழியாகச் சமவெளிக்கு அனுப்பினார்கள். கோவையின் பஞ்சாலைகள் அந்தக் கரண்டில் ஓடி வளர்ந்தன. இதை அப்போது ஒரு தகவலாகத்தான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் மாலை வேறு விதமாக நினைக்க வேண்டியிருந்தது.

நடுவட்டத்தில் தேநீருக்கு நிறுத்தினார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொயினாவுக்காக 1860-களில் இங்கே சின்கோனா நட்டார்கள். அந்தத் தோட்டத்தில் சீனக் கைதிகளை வேலை வாங்கியிருக்கிறார்கள். இப்போது கண்ணுக்கு எட்டிய வரை தேயிலைதான். அதன் பிறகு வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க ஆரம்பித்தது. ஊசிமலைப் பக்கம் வரும்போது பனி விலகி, கீழே கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுதாகத் தெரிந்தது. ஒரு பச்சைக்குள் இத்தனை பச்சையா என்று இருந்தது: காட்டின் கரும்பச்சை, தேயிலையின் வெட்டிவிட்ட பச்சை, அடியில் வயல்களின் இளம்பச்சை. எங்கே எது முடிந்து எது தொடங்குகிறது என்று மேலிருந்து பார்க்கிறவனால் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

கல்லூரி மண்டபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சுவரொட்டிகள். சில ஃப்ளெக்ஸில் அச்சடித்தவை, சில சார்ட் பேப்பரில் கையால் வரைந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு கொடுத்திருந்தார் நண்பர்: மேலே தலைப்பு, நடுவில் வரைபடம், கீழே 'கொள்கைச் சவால்கள்' என்று ஒரு கட்டம். வாசலில் நின்று பார்த்தால் எந்தக் கல்லூரியிலும் நடக்கும் கண்காட்சிதான். கிட்டே போனபோதுதான் ஒவ்வொரு படத்திலும் வரைந்தவரின் வீடு ஒரு சிறு சிவப்புச் சதுரமாக இருப்பதைக் கண்டேன்.

நான் அதிக நேரம் நின்ற சுவரொட்டியின் தலைப்பையே இந்தக் கட்டுரைக்கும் வைத்திருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து செய்தது. தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண், பணியர் குடியைச் சேர்ந்த ஒரு பையன், வீட்டில் மலையாளம் பேசும் இன்னொரு பெண். ஒரே மலைச்சரிவை நான்கு முறை வரைந்திருந்தார்கள். முதல் படத்தில் பென்சிலால் தேன் எடுக்கும் மரம், தெய்வக் கல், சதுப்பு, மூங்கில் புதர். பையனின் பாட்டி சொல்லச் சொல்ல வரைந்தது அது. இரண்டாவது, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உடைமையாக, அந்தச் சரிவு. மூன்றாவது, அரசுப் பதிவேட்டில் உள்ளபடி. அதில் தேன்மரமும் இல்லை, வீடும் இல்லை. ஒரே வண்ணத்தில் நிரப்பி, குறுக்கே 'பிரிவு 17' என்று எழுதியிருந்தது. நான்காவது, இன்று இருக்கிறபடி: வீடுகள், பாதை, கோயில், சர்ச், அங்கன்வாடி, யானை வரும் தடம்.

மூன்றாவது படத்தின் கதையை விரித்துச் சொல்லியாக வேண்டும். கூடலூர், பந்தலூர் பகுதி 1870-களில்தான் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரிக்கு மாற்றப்பட்டது. மாவட்டம் மாறியபோது நில உரிமை முறை கூடவே மாறவில்லை. கேரள வழக்கமான ஜென்மம் இங்கேயே தங்கிவிட்டது. கோவிலகம் ஜென்மி. ஜென்மியிடம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தவர்கள் காபி, தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். 1969-இல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜென்ம நிலம் அரசுக்கு வரும், உழுகிறவர்களுக்குப் பட்டா கிடைக்கும். நல்ல நோக்கம். தோட்டக் குத்தகை நிலங்களுக்கு மட்டும் 17-வது பிரிவு தனியாக இருந்தது. அந்தக் குத்தகையைத் தொடரலாமா, முடிக்கலாமா என்று அரசு பின்னால் முடிவு செய்யும் என்றது அது. அந்தப் 'பின்னால்' இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இந்தச் சட்டத்தை நீதிமன்றம் தொடாதபடி ஒன்பதாவது அட்டவணையில் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பூட்டைத் திறக்கலாமா என்ற கேள்வி ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை போய், 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பானது: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். சட்டம் படிக்கும் பிள்ளைகள் நாடெங்கும் மனப்பாடம் செய்கிற ஐ.ஆர். கோயெல்ஹோ வழக்கு இதுதான். அது கூடலூர் நிலத்தில் முளைத்தது என்பது கூடலூரிலேயே பலருக்குத் தெரியாது.

இன்னொரு வழக்கும் இங்கிருந்துதான் போனது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைக் கண்டு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவில் நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும், நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி என்றது. இந்தியா முழுக்கப் பல லட்சம் ஏக்கர் காட்டை அந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கிறது. அதற்காக அந்தப் பெரியவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதே சமயம், அகராதியைத் திறந்து வைத்து இந்தச் சரிவைப் பார்த்தால், பலாவும் சில்வர் ஓக்கும் நிழல் விரித்த ஒரு வீட்டுக் கொல்லை எந்தச் சொல்லுக்குள் வரும்?

அந்தச் சுவரொட்டியின் 'கொள்கைச் சவால்கள்' கட்டத்தில் மூவரும் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள்: "எங்கள் வீடு காடா, எஸ்டேட்டா, வீடா?"

மதிப்பெண் போட வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், கட்டத்தை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்றார். அந்தக் கேள்விக்கு மேல் எதை எழுதியிருந்தாலும் அதன் கூர்தான் மழுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடமே சொன்னேன். சிறிது நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்றவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உண்ணிச்செடி காட்டுத் தரையை மூடிக்கொண்டால் புல் எப்படிச் சாகிறது, புல் இல்லாத யானை எப்படி வாழைத் தோட்டத்துக்கு வருகிறது என்று ஒரு மாணவன் செடியையே காயவைத்து ஒட்டியிருந்தான். முள் விரலில் குத்தியது. சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடம் பற்றி ஒன்று. அரசின் அறிவிக்கையை உறுதிசெய்து 2020 அக்டோபர் 14-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும், அதனால் மூடப்பட்ட விடுதிகளையும் நிதானமாக எடுத்துச் சொல்லியிருந்தார்கள். வயல்களைப் பற்றிய சுவரொட்டி அழகானது. மலையடியில் ஈரம் தங்கும் தாழ்நிலத்தை இங்கே வயல் என்கிறார்கள். நெல் போய், இஞ்சியும் வாழையும் பாக்கும் வந்து, பிறகு மண் கொட்டி வீட்டு மனையாகிறது. நெல் விளைந்த காலத்தில் அந்த வயலில் தன் முன்னோர் என்னவாக இருந்தார்கள் என்பதையும் பணியர் பையன் எழுதியிருந்தான். நிலம் கைமாறினால் நிலத்தோடு கைமாறிய குடி அது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. "எங்களுக்கு நிலம் இருந்த காலத்தில் பட்டா இல்லை. பட்டா வந்த காலத்தில் நிலம் இல்லை" என்று வயலின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

மண்டபத்தின் கடைசிச் சுவரில் கறுப்பு சார்ட் ஒன்று. கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் புள்ளிகள், உள்ளே ஒன்றுமில்லாத வளையங்கள். முதலில் விண்மீன் படம் என்றே நினைத்தேன். நாலு பெயர்ச் சுவரொட்டி செய்த அதே இலங்கைக் குடும்பத்துப் பெண்தான் இதையும் தனியாகச் செய்திருந்தாள். எதிர்மலைப் பாறையில் ஏறி நின்று, மாதா மாதம் அமாவாசை அன்று இரவு ஏழு மணிக்கு, தன் ஊர் வீடுகளின் விளக்குகளை எண்ணியிருக்கிறாள்.

"வெள்ளைப் புள்ளி கரண்ட் இருக்கிற வீடு சார். மஞ்சள் சோலார் லைட்டு, சிம்னி. வளையம் போட்டது வீடு இருக்கு, வெளிச்சம் தெரியல."

"கரண்ட் ஏன் இல்லை?"

"பிரிவு 17-னு சொல்லுவாங்க சார். என்ஓசி வேணும். யார் தரணும்னு கேட்டா, ஒரு ஆபீஸ்ல இன்னொரு ஆபீஸைக் காட்டுவாங்க."

நாளை மாலை அமாவாசை, கடைசிக் கணக்கு எடுக்க வேண்டும், கண்காட்சி முடிவதற்குள் அந்த வரிசையையும் சேர்க்க வேண்டும் என்றாள். நானும் வரலாமா என்று கேட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றவள், கொஞ்சம் தயங்கி, "ஊர் பேரு மட்டும் எழுதாதீங்க சார்" என்றாள். எழுதவில்லை.

மறுநாள் நண்பரும் நானும் ஜீப்பில் போனோம். கூடலூரில் பல ஊர்களுக்கு ஷேர் ஜீப்தான் பேருந்து. உள்ளே பத்துப் பேர், பின்னால் தொற்றிக்கொண்டு மூன்று பேர். தேயிலைக்கு நடுவே முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் நீண்ட வேலி போட்ட பெரிய தோட்டம் ஒன்று வெகுதூரம் கூடவே வந்தது. அதன் பெரும்பகுதியும் பிரிவு 17 நிலம்தான் என்றார் நண்பர். அந்தத் தோட்டத்தின் தொழிற்சாலையில் விளக்குகள் எரிந்தன. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் தோட்டத்துக்கும், அரை ஏக்கரில் வீடும் இருபது மிளகுக் கொடியும் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் ஒரே சட்டப் பிரிவு. இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பெரிய தோட்டங்களின் குத்தகை முடிந்த காட்டை அரசு மீட்க வேண்டும். யானைக்கு அது வேண்டும், கீழே ஓடும் ஆறுகளுக்கும் வேண்டும். குடியிருக்கிறவர்களை வீடு வீடாக அளந்து, யார் எப்போது வந்தார்கள் என்று கேட்டு, முடிவு செய்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி வைத்திருப்பதால்தான் இரண்டுமே நடக்காமல் இருக்கின்றன.

பெண்ணின் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி" என்று பாயை விரித்தார். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று பிரித்தது. மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவின் பங்கில் விழுந்த குடும்பங்களில் ஒன்று இவருடையது.

"தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம். அங்கருந்து மண்டபம் கேம்ப். குடும்பக் கார்டு குடுத்தாங்க. தேயிலை வேலை தெரியும்னேன்."

திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. பின்னாளில் அது டேன்டீ என்ற அரசுக் கழகம் ஆனது. காட்டை வெட்டி நட்ட தேயிலை அது. ஒரு மனிதக் கடனைத் தீர்க்கக் காட்டைக் கொடுத்தோம். டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவதாக 2022-இல் அரசு முடிவெடுத்தது. மரங்கள் திரும்பி வரட்டும். அங்கே கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர்கள் லைன் வீட்டைக் காலி செய்து எங்கே போவார்கள் என்பதையும் அதே உத்தரவோடு சேர்த்து யோசித்திருக்க வேண்டும்.

பெரியவர் டேன்டீயில் நிலைக்கவில்லை. "முழுப்பேரு விழுந்தாத்தான் முழுச் சம்பளம். எனக்குக் காய்ச்ச வந்து வந்து அரைப்பேராப் போச்சு." பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு. பிறகு மனைவியின் தோட்டை விற்று, முன்னால் குடியேறியிருந்த ஒருவரிடம் இந்த இடத்தை வாங்கினார். பத்திரம் என்று அவர் எடுத்துக் காட்டியது நான்காக மடித்து மடித்துக் கிழிந்து, பின்புறம் செலோடேப் ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள். நீல மசியில் எல்லை எழுதியிருந்தது: கிழக்கே ஓடை, மேற்கே பலா மரம், தெற்கே பெரிய கல், வடக்கே காடு. கீழே இரண்டு கைநாட்டு. பேத்தி வரைந்த நான்காவது வரைபடத்தின் எல்லைகளும் அப்படியே இவைதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அளவு நாடாவை அவள் அந்தப் பலா மரத்திலிருந்துதான் பிடித்திருக்கிறாள்.

கூரை பழைய தகரம். ஓரிடத்தில் ஏதோ திருமண வாழ்த்து ஃப்ளெக்ஸ் போட்டு மூடியிருந்தது. மணமக்கள் தலைகீழாகச் சிரித்தார்கள். இந்த மண்ணில் காங்கிரீட் போட அனுமதி கிடைக்காது என்றார். பாட்டி கட்டஞ்சாயாவைக் கொடுத்துவிட்டு, "போன மாசம் ஆனை இங்க நின்னுச்சு" என்று வாசல்படியைக் காட்டினார். குரலில் கோபம் இல்லை. "பலாக்கா வாசம் புடிச்சு வரும். லைட்டு இருந்தா தூரத்துலயே தெரிஞ்சிரும். இருட்டுல மோதிக்கிட்டா அதுக்கும் பயம், நமக்கும் பயம்."

பொழுது சாய்ந்ததும் பேத்தியோடு எதிர்மலைப் பாறைக்கு ஏறினோம். ஓடையைத் தாண்டிக் கால் மணி நேர ஏற்றம். அவள் கையில் நோட்டும், நூலில் கட்டிய பேனாவும். பாறையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தாள். ஒவ்வொரு மாதமும் அதே கோட்டில் நின்றால்தான் கணக்கு ஒன்றுபோல இருக்கும். மேற்கில் கடைசிச் சிவப்பும் போனது. தூரத்தில் தோட்டத் தொழிற்சாலையின் விளக்கு வரிசை முதலில் எரிந்தது. பிறகு ரோட்டோர வீடுகள். அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. நேற்றுக் காலை கடந்துவந்த பைக்காரா ஆற்றையும், கோவைக்குப் போன கம்பிகளையும் நினைத்துக்கொண்டேன். தண்ணீரை மின்சாரமாக்கி இந்த மலை தொண்ணூறு ஆண்டாகக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மஞ்சள் புள்ளிகள் ஒன்றிரண்டாக வந்தன. அவள் முணுமுணுத்தபடி எழுதினாள். எந்த வெளிச்சம் யார் வீடு என்று அவளுக்கு மனப்பாடம். "அது செல்வி அக்கா வீடு, இன்னைக்கு சார்ஜ் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு வரணும்... வரல."

"எவ்வளவு நேரம் எரிந்தால் கணக்கில் சேர்ப்பாய்?"

"அஞ்சு நிமிஷம் நிலையா இருக்கணும் சார். அசைஞ்சா எண்ணக் கூடாது. டார்ச்சா இருக்கும்."

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பியது. ஓடை வரை வந்து நின்றது. மறுபடி அசைந்து, எங்கள் பக்கம் ஏற ஆரம்பித்தது. கீழிருந்து தகரத்தைத் தட்டும் ஓசையும் கேட்டது. யாரோ யானையைப் பார்த்துவிட்டார்கள்.

நண்பர் எழுந்தார். அவள் மட்டும் அசையாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினாள். நோட்டில் தன் வீட்டுக்கு நேரே ஒரு வளையம் போட்டாள்.

"அது தாத்தா. நம்மளக் கூட்டிட்டுப் போக வர்றாரு" என்றாள்.